பிள்ளையின் ‘நான்’ உருவாகும் வயதில்: பெற்றோருக்கு ஒரு படிப்படியான வழிகாட்டி

என் மூத்த பிள்ளை பத்து வயதைத் தாண்டியபோது “எனக்கு ஒண்ணுமே வராது” என்ற பேச்சு வீட்டுக்குள் நுழைந்தது. யாரைக் கேட்டாலும் ஒரு யோசனை வைத்திருந்தார்கள். “நல்லாப் பாராட்டுங்க” என்றார் ஒருவர். “ரொம்பப் பாராட்டித்தான் கெடுத்திருக்கீங்க” என்றார் இன்னொருவர். எதை முதலில் செய்வது, எந்த வயதுக்கு எது பொருந்தும், எந்தக் கட்டத்தில் வெளி உதவியைத் தேட வேண்டும் என்று வரிசையாகச் சொல்லத்தான் ஆளில்லை. நாங்கள் அலைந்து, படித்து, கேட்டுக் கோத்துக்கொண்ட வரிசை இது. 3 வயது முதல் 18 வயதுவரை பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு உதவும். நிலைமை ஏற்கெனவே முற்றியிருந்தால் நேராக 8-ஆம் படிக்குப் போங்கள். மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

1. எது சிக்கல் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

“நான் யார்?” என்ற கேள்விக்குப் பிள்ளை தனக்குள் வைத்திருக்கும் பதில்தான் அடையாளம். அந்தப் பதில் அதற்குப் பிடித்திருக்கிறதா என்பது தன்மதிப்பு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் மருந்து மாறிப்போகும்.

“நான் கணக்கு வராத பையன்” என்று சொல்லும் பிள்ளைக்கு அடையாளத்தில் குழப்பமே இல்லை; மிகத் தெளிவாக இருக்கிறான். அடிபட்டிருப்பது தன்மதிப்பு. இவனுக்கு 4, 5 படிகள். தன்னைப் பற்றி எந்தக் குறையும் இல்லாத, ஆனால் எதில் ஈடுபாடு என்று கேட்டால் தோளைக் குலுக்கும் 16 வயதுப் பெண்ணுக்குத் தேவை 7-ஆம் படி. அவளிடம் போய் “உன்னால முடியும்மா” என்று நூறு தடவை சொல்லிப் பயனில்லை. முடியாது என்று அவள் சொல்லவே இல்லையே!

தன்மதிப்பைப் புரிந்துகொள்ள இன்றும் எனக்கு மிகவும் கைகொடுப்பது உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் போட்ட கணக்கு: ஒருவர் சாதித்ததை, சாதிக்க ஆசைப்பட்டதால் வகுத்தால் வருவது தன்மதிப்பு. ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்த பிள்ளை, ஓட்டத்தைப் பெரிதாக நினைக்கவே இல்லையென்றால் சிரித்துக்கொண்டே வீடு திரும்பும். அதையே உயிராக நினைக்கும் பிள்ளை இரண்டாவதாக வந்தாலும் அழும்.

கவனிக்க வேண்டிய பொறி: வகுக்கும் எண்ணில் பிள்ளையின் ஆசை இருக்கிறதா, உங்களுடையது இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அந்த இடத்தைப் பெற்றோர் எப்போதோ நிரப்பிவிட்டிருக்கிறார்கள்.

2. வயதுக்கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாதிப் பதற்றம் காலக்கணக்கு தெரியாததால் வருவது.

18 முதல் 24 மாதம்: மூக்கில் பொட்டு மாதிரி ஒரு சாயத்தைத் தடவிக் கண்ணாடி முன் விட்டால், இந்த வயதில் பெரும்பாலான குழந்தைகள் கண்ணாடியைத் தொடாமல் தங்கள் மூக்கைத் தொடுவார்கள். அங்கே தெரிவது தான்தான் என்று புரிந்துவிட்டது. “என்னுது” என்று பொம்மையைப் பிடுங்குவதும் இதையொட்டியே தொடங்கும். அதைச் சுயநலம் என்று பார்க்காதீர்கள்.

3 முதல் 6 வயது: “நான் வேகமா ஓடுவேன், எனக்கு நீலக் கலர் பிடிக்கும், நூறு வரைக்கும் எண்ணுவேன்” என்று கண்ணுக்குத் தெரிவதை வைத்துத் தன்னைச் சொல்லும். இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது. ஆனாலும் நூறு என்று சொல்லும். இந்த மிகை இயல்பானது. திருத்திக்கொண்டே இருக்க வேண்டாம்.

8 வயதையொட்டி: பெற்றோர் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. “போன வருஷம் வரைக்கும் நல்லாத்தானே இருந்தான்” என்று சொல்கிற கட்டம். ஏழு, எட்டு வயதில் மற்றவரோடு தன்னை ஒப்பிட்டு எடைபோடும் திறன் வருகிறது. படிப்பு, விளையாட்டு என்று தனித்தனியாகப் பார்ப்பதோடு, ‘மொத்தத்தில் நான் தேவலையா’ என்று கேட்டுக்கொள்ளவும் ஏறத்தாழ இந்த வயதில்தான் முடிகிறது. இதில் நெடுங்காலம் ஆய்வு செய்தவர் சூசன் ஹார்ட்டர். ஆகவே திடீரென்று நம்பிக்கை இறங்கினால், யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று ஆசிரியரையோ பக்கத்து வீட்டையோ தேடிப் போகுமுன், பிள்ளையின் அறிவு ஒரு படி வளர்ந்திருக்கிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். அளக்கத் தெரிந்துவிட்டது, அளவுகோல்தான் இன்னும் முரடாக இருக்கிறது.

11 முதல் 15 வயது: உடல் மாறுகிறது. பருவ மாற்றங்கள் பெண்பிள்ளைகளுக்குப் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்கும். ஒரே வகுப்பில் ஒருவர் பெரியவர்போலவும் இன்னொருவர் குழந்தைபோலவும் தெரிவதால் ஒப்பீடு கூர்மையாகும். எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற எண்ணம் வரும். 1967-இல் டேவிட் எல்கைண்ட் இதைக் ‘கற்பனைப் பார்வையாளர்கள்’ என்று விவரித்தார். முகத்தில் ஒரு பருவுக்காகப் பள்ளிக்குப் போக மறுப்பது நடிப்பில்லை. உள்ளே அரங்கம் நிறைந்திருக்கிறது. நண்பர்களிடம் கலகலப்பு, வீட்டில் மௌனம் என்று ஆளுக்கொரு முகம் காட்டுவதும் இப்போதுதான். “இதில் எது நிஜ நான்?” என்று அந்தப் பிள்ளையே குழம்பும். “வெளியில மட்டும் நல்லாச் சிரிக்கிறே” என்று குத்திக்காட்டினால் குழப்பம் கூடும்.

16 முதல் இருபதுகள்வரை: துண்டுகள் மெல்ல ஒன்றுசேரும். அடையாளத் தேடலை விடலைப் பருவத்தின் மையப் பணியாக வைத்தவர் எரிக் எரிக்சன். பிற்கால ஆய்வுகள் இந்த வேலை இருபதுகளிலும் தொடர்வதைக் காட்டுகின்றன. எனவே 18 வயது என்பது கெடு கிடையாது.

ஒரு ஆறுதலும் உண்டு. பல நாடுகளின் நெடுநாள் ஆய்வுகளைத் திரட்டி 2018-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, தன்மதிப்பு சராசரியாக 4 முதல் 11 வயதுவரை ஏறுகிறது. 11 முதல் 15 வரை ஏறாமல் நிற்கிறது. பிறகு 30 வயதுவரை நன்றாக ஏறுகிறது. பதின்ம வயதில் எல்லாப் பிள்ளைக்கும் தன்மதிப்பு சரிந்தே தீரும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். சராசரி நிற்கும்போது சில பிள்ளைகள் இறங்குகிறார்கள் என்பது உண்மைதான். அவர்களைக் கண்டுபிடிக்கத்தான் அடுத்த படி.

3. நான்கு வாரம் குறிப்பெடுங்கள்

செலவு ஒரு நோட்டுப் புத்தகமும், இரவில் ஐந்து நிமிடமும். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பின்னால் ஆலோசகரிடம் போனாலும் உங்களிடம் இருக்கும் ஆவணங்களிலேயே மதிப்புள்ளது இதுதான்.

தேதி, பிள்ளை சொன்ன வார்த்தை அப்படியே, அதற்குச் சற்று முன் நடந்தது, கூட யார் இருந்தார்கள். இவ்வளவே. “இன்று சோர்வாக இருந்தாள்” என்று எழுதாதீர்கள். அது உங்கள் முடிவு. “‘என்னை யாரும் டீமுக்குக் கூப்பிடல’ என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாள்” என்று எழுதுங்கள்.

வார இறுதியில் ஒவ்வொரு குறிப்பையும் ஐந்து தலைப்புகளில் ஒன்றில் போடுங்கள்: படிப்பு, சகவயதினர் சேர்த்துக்கொள்வது, விளையாட்டு, தோற்றம், நடத்தை. ஹார்ட்டர் 1985-இல் பிள்ளைகளுக்காக உருவாக்கிய அளவுகோலின் பிரிவுகள் இவை. பதின்ம வயதினருக்கு நெருங்கிய நட்பு, காதல் ஈர்ப்பு, வேலைத்திறன் என்பவையும் சேரும். நான்கு வாரத்தில் எந்தத் தலைப்பில் குறிப்புகள் குவிகின்றன என்று தெரிந்துவிடும். பெற்றோர் படிப்பைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஆனால் மொத்தத் தன்மதிப்போடு மிக நெருக்கமாகப் பின்னிக் கிடப்பது தோற்றம் என்பதே ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. “குண்டு”, “கறுப்பு”, “குள்ளம்” என்று விளையாட்டாக வீட்டில் புழங்கும் பட்டப்பெயர்கள் இருந்தால், இன்றைக்கே நிறுத்துங்கள். இதற்கு நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம்.

மூன்று பொறிகள் இங்கே. நோட்டைப் பிள்ளையின் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். பிள்ளையின் டைரியையோ போனையோ திருட்டுத்தனமாகப் படித்துக் குறிப்பெடுக்காதீர்கள். பிடிபட்டால் இழக்கும் நம்பிக்கையை மீட்க மாதக்கணக்காகும். அடுத்து, இணையத்தில் கிடைக்கும் வினாத்தாள்கள். மோரிஸ் ரோசன்பெர்க் 1965-இல் வெளியிட்ட பத்து வாக்கிய அளவுகோல்தான் அவற்றில் பிரபலம். ஐந்து வாக்கியங்கள் சாதகமானவை, ஐந்து எதிர்மறை. எதிர்மறைக்கு மதிப்பெண்ணைத் தலைகீழாகப் போட வேண்டும். அதை மறந்து கூட்டிவிட்டு, பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறுபவர்கள் உண்டு. அது ஆய்வுக்கான கருவி. நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை இல்லை.

4. பாராட்டும் முறையை மாற்றுங்கள்

முதலில் சொன்ன இரண்டு யோசனைக்காரர்களுமே பாதி சரி. பாராட்டு எவ்வளவு என்பதைவிட எதைப் பாராட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட சோதனைகளில், புதிர் போட்ட பிள்ளைகளில் சிலரிடம் “நீ புத்திசாலி” என்றும், சிலரிடம் “நன்றாக முயற்சி செய்திருக்கிறாய்” என்றும் சொன்னார்கள். அடுத்துக் கடினமான புதிர் வந்து தோற்றபோது, புத்திசாலி என்று கேட்டவர்களே அதிகம் துவண்டார்கள். காரணம் எளிது: வென்றால் புத்திசாலி என்றால், தோற்றால் என்ன?

2014-இல் எடி புருமெல்மன் குழுவினர் கண்டது இன்னும் சங்கடமானது. தன்மதிப்புக் குறைந்த பிள்ளைகளிடம்தான் பெரியவர்கள் “அடேங்கப்பா, பிரமாதம், இதுமாதிரி நான் பார்த்ததே இல்லை” என்று ஊதிப்பெருக்கிப் பாராட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைகளோ அதைக் கேட்டபின் கடினமான வேலையைத் தவிர்க்கிறார்கள். அடுத்த தடவையும் அதே பிரமாதத்தைக் காட்ட வேண்டுமே என்ற பயம்.

செய்ய வேண்டியது: பார்த்ததைச் சொல்லுங்கள். “ரெண்டாவது பத்தியை அழிச்சுட்டுத் திரும்ப எழுதியிருக்கே, இப்போ படிக்கத் தெளிவா இருக்கு.” அவ்வளவு போதும். கொஞ்சம் வறட்சியாகத் தோன்றும்; பழகிவிடும். முயற்சி என்ற சொல்லையும் மந்திரம்போல் ஓதாதீர்கள். முயற்சியே பலிக்காத இடத்தில் “இன்னும் முயற்சி செய்” என்பது கொடுமை. அங்கே வேறு வழியைக் காட்டித்தர வேண்டும்.

கண்ணாடி முன் நின்று “நான் சிறந்தவன்” என்று தினமும் சொல்லச் சொல்வதைத் தவிர்ப்பதே நல்லது. தன்மதிப்புக் குறைந்தவர்களுக்கு இப்படிச் சொல்வது மனநிலையை இன்னும் இறக்கலாம் என்று 2009-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. உள்ளே ஒரு குரல் உடனே “பொய்” என்கிறது போலும்.

அன்பையும் பாராட்டையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள். மதிப்பெண் வந்த நாளில் மட்டும் முகம் மலரும் வீட்டில், பிள்ளை உழைக்கக் கற்றுக்கொள்ளலாம். தோல்வியை மறைக்கவும் கற்றுக்கொள்ளும். மதிப்பெண் குறைந்த அன்றும் உங்கள் பேச்சும் சாப்பாட்டு நேரமும் மாறாமல் இருக்கட்டும். சொல்ல வேண்டியதை மறுநாள் சொல்லலாம்.

5. நிஜமான வேலை ஒன்றைக் கொடுங்கள்

பேச்சால் வராதது கைவேலையால் வரும். பிள்ளை செய்யாவிட்டால் வீட்டில் உண்மையிலேயே ஒன்று நின்றுபோக வேண்டும். அப்படிப்பட்ட வேலையாகத் தேர்ந்தெடுங்கள். 5 வயதில் செடிக்குத் தண்ணீர், 9 வயதில் தம்பி தங்கையின் பையை அடுக்குவது, 13 வயதில் வாரம் ஒரு நாள் வீட்டுக்கே சமைப்பது. நீங்கள் பின்னாலேயே போய்த் திருத்தினால் அது வேலை இல்லை, ஒத்திகை. குறைந்தது ஆறு வாரம் ஒரே வேலையில் விடுங்கள். முதல் இரண்டு வாரம் வீணாகும் பொருளையும் நேரத்தையும் செலவுக் கணக்கில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

6. ஒப்பீட்டை அடக்க முடியாது, திசை திருப்பலாம்

“யாரோடும் ஒப்பிடாதே” என்பது பலிக்காத அறிவுரை. எட்டு வயதுக்குமேல் அது தானாக நடக்கும். நீங்கள் உங்கள் பங்குக்கு அண்ணனையும் சித்தி மகளையும் இழுக்காமல் இருந்தாலே பெரிய உதவி. பிள்ளையின் ஆறு மாதத்துக்கு முந்தைய நோட்டையோ படத்தையோ எடுத்துவைத்து இன்றையதோடு பார்க்கச் சொல்லுங்கள். போனில் படம் போட்டு விருப்பக்குறி எண்ணும் வயதில், போனைப் பிடுங்குவதற்குமுன் ஒரு வாரம் எந்தப் பக்கத்தைப் பார்த்தபின் மனம் இறங்குகிறது என்று அவர்களையே குறித்துப் பார்க்கச் சொன்னால், சிலவற்றை அவர்களாகவே விட்டுவிடுவார்கள். எல்லாவற்றையும் இல்லை.

7. பதின்ம வயதில் சோதித்துப் பார்க்க இடம் கொடுங்கள்

1966-இல் ஜேம்ஸ் மார்சியா இரண்டு கேள்விகளை வைத்து இளையோரைப் பார்த்தார்: தேடிப் பார்த்தாரா? ஒன்றில் உறுதியாக நின்றாரா? இதிலிருந்து நான்கு நிலைகள் வருகின்றன. தேடலும் இல்லை, உறுதியும் இல்லை. தேடாமலே உறுதி. தேடிக்கொண்டிருக்கிறார், உறுதி இன்னும் வரவில்லை. தேடி முடித்து உறுதி.

இங்கேதான் பெரிய பொறி. இரண்டாவது நிலையில் இருக்கும் பிள்ளை பெற்றோருக்கு மிகவும் பிடித்த பிள்ளை. 14 வயதிலேயே “நான் டாக்டர்தான் ஆவேன்” என்று சொல்லும். தன் தேர்வா, உங்கள் தேர்வை வாங்கி மாட்டிக்கொண்டதா என்று யாரும் கேட்பதில்லை. மூன்றாவது நிலையில் இருக்கும் பிள்ளையோ மாதம் ஒன்றைப் பிடித்து மாதம் ஒன்றை விடும், எரிச்சலூட்டும். ஆனால் அடையாளம் உருவாகும் வேலை அங்கேதான் மும்முரமாக நடக்கிறது.

நடைமுறையில் நாங்கள் வைத்துக்கொண்ட விதி: திரும்பி வரக்கூடிய சோதனைகளுக்குத் தாராளம், திரும்ப முடியாதவற்றுக்குக் கட்டுப்பாடு. முடிவெட்டு, உடை, இசை, புதிய நண்பர் கூட்டம், ஒரு வகுப்பில் சேர்ந்து விடுவது எல்லாம் முதல் வகை. போதைப்பொருள், வேகமாக வண்டி ஓட்டுவது, அந்தரங்கப் படத்தை அனுப்புவது இரண்டாம் வகை. காரணத்தைச் சொல்லிக் கட்டுப்படுத்துங்கள். “இப்படிச் செஞ்சா எங்க மூஞ்சியிலயே முழிக்காதே” என்று அன்பைப் பணயம் வைக்கும் கட்டுப்பாடு, நடத்தையைத் திருத்துவதைவிட மனத்தைத்தான் அதிகம் காயப்படுத்தும்.

புதிய பயிற்சி வகுப்பு என்றால் பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை: இலவச மாதிரி வகுப்பு உண்டா, மாதாமாதம் கட்டலாமா, நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பும், கருவிகளை வாடகைக்கு எடுக்கலாமா? ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு, “இவ்வளவு கட்டியிருக்கே” என்று பிள்ளையைக் கட்டிப்போடுவது இரட்டை நஷ்டம். மூன்று மாதம் என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். அதுவரை விடக்கூடாது, அதன்பின் விட்டால் கேள்வி கேட்கக்கூடாது.

8. ஆலோசகரிடம் போவதாக இருந்தால்

எப்போது? சாகப்போவதாகப் பேசினாலோ, தன்னைத்தானே வெட்டிக்கொண்டாலோ அன்றே, மருத்துவமனைக்கு. தூக்கமோ சாப்பாடோ குலைந்து, பிடித்ததெல்லாம் சலித்து, பள்ளிக்குப் போக மறுத்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், நேரம் பார்க்காமல் முன்பதிவு செய்யுங்கள். இவை எதுவும் இல்லாமல், குறிப்பேட்டில் ஒரே தலைப்பு மட்டும் மாதக்கணக்கில் குவிந்தால், 4 முதல் 7 வரையான படிகளை மூன்று மாதம் செய்துபார்த்துவிட்டுப் போகலாம்.

போகுமுன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளை தன்னை மந்தம் என்று நம்பிக்கொண்டிருக்கலாம். தாழ்ந்த தன்மதிப்பு தனி நோயின் பெயரில்லை. அதற்குப் பின்னால் கற்றல் குறைபாடோ, கவனக் குறைபாடோ, மனச்சோர்வோ, பள்ளியில் கேலித் துன்புறுத்தலோ இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் சில அமர்வுகளின் வேலை.

எடுத்துப்போக வேண்டியவை: கடைசி இரண்டு மூன்று ஆண்டு மதிப்பெண் அறிக்கைகள், வகுப்பாசிரியர் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு, குறிப்பேட்டின் ஒரு பக்கச் சுருக்கம், எப்போது நடந்தது, எப்போது பேசியது போன்ற குழந்தைப் பருவ விவரங்கள், சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், முன்பு செய்த சோதனைகளின் அறிக்கைகள், வயதுச் சான்று. பெற்றோர் பிரிந்திருந்தால் பாதுகாவலர் யார் என்பதற்கான ஆவணமும் வேண்டியிருக்கும். இது இல்லாமல் முதல் அமர்வே தள்ளிப்போகும். அசலை வீட்டில் வைத்து நகலைக் கொண்டுபோங்கள்.

தொலைபேசியிலேயே கேட்டுவிட வேண்டியவை: ஓர் அமர்வுக்கு எவ்வளவு, முதல் அமர்வுக்குத் தனிக் கட்டணமா, சோதனைகளுக்கும் எழுத்து அறிக்கைக்கும் தனியாகவா, வர முடியாவிட்டால் எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும், காப்பீடு செல்லுமா, பரிந்துரைக் கடிதம் வேண்டுமா? நிறையப் பேர் அமர்வுக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு, சோதனைகளுக்கான ரசீதைப் பார்த்துத்தான் அதிர்கிறார்கள். பள்ளி ஆலோசகரும் பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவும் இருந்தால் முதலில் அங்கே விசாரியுங்கள். பிள்ளைகளோடு வேலைசெய்யத் தனிப் பயிற்சி உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஓர் அமர்வு பொதுவாக 45 முதல் 60 நிமிடம். ஆறு முதல் எட்டு அமர்வு முடிந்ததும் என்ன மாறியிருக்கிறது என்று உட்கார்ந்து பேச ஒரு நாளை ஆரம்பத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் தொடங்க வேண்டாம். அவசரம் என்றால் மட்டும் விதிவிலக்கு.

பிள்ளையிடம் ஒரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். ஐஸ்க்ரீம் கடைக்கு என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள். “கொஞ்ச நாளா நீ கஷ்டப்படுறது எங்களுக்குத் தெரியுது. எப்படி உதவுறதுன்னு எங்களுக்கே தெரியல. அதுக்குப் படிச்ச ஒருத்தர்கிட்டக் கேட்கலாம்னு இருக்கோம்” என்றால் போதும். “உன்னைச் சரிபண்ண” என்ற தொனி வேண்டவே வேண்டாம். உள்ளே பிள்ளை சொல்வதில் எதை உங்களிடம் சொல்வார்கள், எதைச் சொல்ல மாட்டார்கள் என்பதை மூவரும் இருக்கும்போதே பேசிவிடுங்கள். உயிருக்கு ஆபத்து போன்ற பாதுகாப்பு விஷயங்களைப் பெற்றோரிடம் சொல்வதும், மற்றதைப் பெரும்பாலும் தங்களுக்குள் வைத்துக்கொள்வதும் பொதுவான நடைமுறை. வெளியே வந்ததும் “என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னே?” என்று வண்டியிலேயே விசாரணை வைத்தால் அந்த ஏற்பாடு வீண்.

அறிக்கை வந்ததும் ஒரு நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்கு முழு அறிக்கையும் போக வேண்டியதில்லை. முன்வரிசை இடம், தேர்வில் கூடுதல் நேரம் என்று பள்ளி செய்ய வேண்டியதை மட்டும் தனிக் கடிதமாக எழுதித்தரச் சொல்லலாம். இதற்குச் சில இடங்களில் தனிக் கட்டணம் உண்டு. ஆவணத்தில் இருக்கும் மருத்துவப் பெயர்களைப் பிள்ளை என்றாவது படிக்கும், ஒருவேளை அலமாரியில் வேறெதையோ தேடும்போது. அதற்குமுன் ஓர் அமர்வின் கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்கி, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம், என்ன அர்த்தமில்லை என்று ஆலோசகரையே பிள்ளையிடம் நேராக விளக்கச் சொல்லுங்கள்.